பட்டச் சான்றிதழில் ஓர் அடித்தல்

1794-ஆம் ஆண்டில் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தோன்றி, 1920-இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்து நிலைபெற்ற பொறியியற் கல்லூரி, தன் சரித்திரத்திலேயே முதன்முறையாகப் பெண்களுக்குப் பட்டம் வழங்கவேண்டிய வேளை வந்தபோது, எதிர்பாராத ஒரு சிறு சங்கடத்தில் அகப்பட்டுக்கொண்டது. சான்றிதழ்ப் படிவங்கள் முன்கூட்டியே அச்சாகியிருந்தன. பட்டம் பெறுபவரைச் சுட்டும் இடத்தில் ஆண்பாலுக்குரிய ஆங்கிலச் சொல் ஒன்றே நின்றது. ஆகவே அந்தச் சொல்லை மையால் அடித்துவிட்டு, பெண்பாற் சொல்லைச் சேர்த்து, பத்திரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தப் படிவத்துக்கு வாசகம் எழுதிய குமாஸ்தாவுக்குப் பெண்குலத்தின்மேல் விரோதம் ஏதும் இருந்திருக்க நியாயமில்லை, அச்சுக்கோத்தவருக்கும் இருந்திருக்காது. பொறியியற் பட்டம் வாங்கிக்கொள்ள ஒரு பெண் வந்து நிற்பாள் என்பது அவர்கள் மனத்தில் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். விஞ்ஞானத்தையும் பொறியியலையும் கற்பிக்கிற நம் உயர்கல்விச் சாலைகளில் பெண்களைப் பின்தங்க வைக்கிற காரணங்கள் பலவற்றுள், இன்றைக்கும் உயிரோடிருப்பதும் கண்டுபிடிக்கக் கடினமானதுமான காரணம் இந்தத் தோன்றாமையே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அப்படிச் சான்றிதழ் பெற்றவர்களில் ஒருவரான அய்யலசோமயாஜுல லலிதாவின் கதையைச் சற்று நிதானமாகவே சொல்லவேண்டும். 1919-இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து, பதினைந்தாம் வயதில் மணமாகி, பதினெட்டாம் வயதில் நான்கு மாதக் கைக்குழந்தையோடு கணவனை இழந்து தந்தையின் வீட்டுக்குத் திரும்பிய அவர், அக்காலத்து விதவைகளுக்கு விதிக்கப்பட்டிருந்த மூலையில் ஒடுங்கிவிடாமல், மயிலாப்பூருக்கு அருகே கடற்கரையை நோக்கி நிற்கும் இராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் படித்துத் தேறினார். மருத்துவம் படிக்கலாமென்றால் இரவும் பகலும் அழைப்பு வருகிற தொழில், கையிலோ குழந்தை. வீட்டிலோ தந்தையும் உடன்பிறந்தவர்களும் பொறியியலே பேசிக்கொண்டிருந்தார்கள். தந்தை பப்பு சுப்பா ராவ் கிண்டிக் கல்லூரியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். அவர் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடமும், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த ஸ்டேத்தம் துரையிடமும் பேசினார், இருவரும் மறுக்கவில்லை. 1940-இல் லலிதா கிண்டியில் சேர்ந்தார். துணைக்கு வேறு பெண்களும் இருந்தால் நல்லது என்று எண்ணிக் கல்லூரி இடமளித்தபோது, பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்ற இரு கேரளப் பெண்கள் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். போர்க்காலமாகையால் படிப்புக் காலம் சுருக்கப்பட்டு, மூவருமே 1944-க்குள் பொறியியல் பட்டதாரிகளானார்கள்.

இந்த வரலாற்றை நம் பத்திரிகைகள் ஒரு வெற்றிக் கதையாகச் சொல்வது வழக்கம். அது வெற்றிதான் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி பெற்று, சிம்லாவில் அரசாங்க உத்தியோகம் பார்த்து, பிறகு கல்கத்தாவில் ஓர் ஆங்கிலேய மின்சாரக் கம்பெனியில் நெடுங்காலம் பணிபுரிந்து, பக்ரா நங்கல் அணையிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் தடங்களுக்கான வேலையிலும் பங்குகொண்ட லலிதா, 1964-இல் நியூயார்க்கில் கூடிய முதலாவது சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் சென்று வந்தார். திரேசியாவோ 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராகவே உயர்ந்தார். ஆனால் என் மனம் நின்றுவிடுகிற இடம் வேறு. பெண்ணைச் சேர்க்கலாகாதென்று கிண்டியில் ஒருவரும் வாதாடியதாகத் தெரியவில்லை. கேட்டவுடனே கதவு திறந்தது. அப்படியானால் அதற்கு முன் கழிந்த அத்தனை ஆண்டுகளும் அந்தக் கதவு ஏன் மூடிக் கிடந்தது? கேட்கக்கூடிய இடத்தில் ஒரு பெண்ணின் தந்தை உட்கார்ந்திருக்கவில்லை என்பதைத் தவிர வேறு விடை எனக்கு அகப்படவில்லை. முதல்வரின் அறைக்குள் சுவாதீனமாக நுழைந்து பேசக்கூடிய தகப்பனார் வாய்க்காத, லலிதாவுக்குச் சற்றும் குறையாத புத்திசாலிப் பெண்கள் அந்த மாகாணத்தில் எத்தனை பேர் சமையலறையோடு நின்றிருப்பார்கள்!

சட்டத்தால் வரும் தடை ஒன்று. மனிதர் தம்மையறியாமலே இழைக்கும் ஓரவஞ்சனை வேறொன்று. முன்னதை ஒழிக்க ஓர் அரசாணை போதும். பின்னது, தன்னைத் தானே நியாயவான் என்று மனப்பூர்வமாக நம்புகிறவரிடத்திலும் குடியிருப்பது. அதை அளந்து பார்க்க 1998-இல் அமெரிக்காவில் கிரீன்வால்டு என்ற மனோதத்துவப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனையை வகுத்தார்கள். கணிப்பொறித் திரையில் சொற்கள் ஒவ்வொன்றாக மின்னி மறையும்; ‘தந்தை’, ‘மகன்’ போன்ற சொற்களுக்கும் பௌதிகம், ரசாயனம் போன்ற சொற்களுக்கும் ஒரே விசையைத் தட்டவேண்டும்; ‘தாய்’, ‘மகள்’ போன்றவற்றுக்கும் இலக்கியம், சங்கீதம் போன்றவற்றுக்கும் மற்றொரு விசை. பிறகு ஜோடியை மாற்றிவிடுவார்கள்: தாயும் பௌதிகமும் ஒரு விசைக்கு, தந்தையும் சங்கீதமும் இன்னொன்றுக்கு. அப்போது விரல் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தின் கால அளவே பட்சபாதத்தின் அளவு. 34 நாடுகளில் இந்தச் சோதனையை எழுதிய லட்சக்கணக்கானவர்களின் விடைகளைத் தொகுத்து 2009-இல் வெளியான ஆராய்ச்சியில், ஏறக்குறையப் பத்தில் ஏழு பேருக்கு விஞ்ஞானமும் ஆணும் சுலபமாகவும், விஞ்ஞானமும் பெண்ணும் தயங்கியுமே இணைந்தன என்று கண்டார்கள். எந்த நாட்டில் அந்தத் தயக்கம் மிகுதியோ, அந்த நாட்டில் எட்டாம் வகுப்புச் சிறுமிகள் விஞ்ஞானப் பாடத்தில் சிறுவர்களைக் காட்டிலும் பின்தங்குவதும் மிகுதியாக இருந்தது. ஒரு தனி மனிதர் நாளைக்கு என்ன செய்வார் என்பதை இந்தச் சோதனையைக் கொண்டு ஜோசியம் சொல்ல முடியாதென்று அறிஞர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கை சரியானதே. திரளான ஜனங்களைப் பற்றித்தான் அது பேசுகிறது.

சென்னையின் சரித்திரத்திலிருந்தே இதற்கு இன்னோர் உதாரணம் காட்டமுடியும். அது லலிதாவின் கதையைவிடத் துயரமானது. பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மாணி, எட்டாம் பிறந்தநாளில் குடும்ப வழக்கப்படி வைரத்தோடு தரவந்தபோது அதை வேண்டாமென்று சொல்லிக் கலைக்களஞ்சியம் கேட்டவர். மெரினாக் கடற்கரையிலுள்ள மாநிலக் கல்லூரியில் பௌதிகத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்று, 1940-இல் உபகாரச் சம்பளத்தோடு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். விதி அவருக்கு அங்கே வைரங்களையே ஆராய்ச்சிப் பொருளாக அளித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வையும் நிறமாலையையும் அவர் ஆராய்ந்தார். ஒரு படத்தகட்டில் ஒளி பதிவதற்குப் பதினைந்து முதல் இருபது மணி நேரம் பிடிக்குமாகையால், இரவுகளில் ஆய்வுக்கூடத்திலேயே தங்கிவிடுவார். ஐந்து கட்டுரைகள் அவர் பெயரால் வெளிவந்தன. 1945 ஆகஸ்டில் தம் ஆய்வுரையைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் சமர்ப்பித்தார். பெங்களூரில் செய்த ஆராய்ச்சிக்கும் அந்நாளில் டாக்டர் பட்டம் தரவேண்டியது சேப்பாக்கத்துச் செனட் மண்டபம்தான். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லாதவருக்கு டாக்டர் பட்டம் தருவதற்கில்லை என்று பதில் வந்தது. ஆனர்ஸ் பட்டம் இருந்தது; அந்தப் பட்டத்தின் பலத்தில்தான் ஆராய்ச்சி மாணவியாக அவரை எடுத்துக்கொண்டிருந்தார்கள்; கண்டுபிடிப்புகள் அச்சேறியும் இருந்தன. அவற்றில் எதுவும் கணக்கில் வரவில்லை. அந்த ஆய்வுரை பட்டம் பெறாமலே பெங்களூரில் இராமன் ஆராய்ச்சிக் கழகத்தின் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பல்கலைக்கழகம் பெண் என்பதற்காக மறுத்தது என்று நான் சொல்லவில்லை; விதி விதிதான். ஆனால் விதியைத் தளர்த்துவதற்கும் விலக்களிப்பதற்கும் எங்குமே ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் ஒருவருக்காக இன்னொருவர் எழுந்து பரிந்து பேசவேண்டியிருக்கிறது. பேசுவது யாருக்காக என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த ஆய்வுக்கூடத்தில் பெண்களுக்கு நேர்ந்ததைப் பிற்காலத்தில் அன்னா மாணியிடமே கேட்டு எழுதிய அபா சூர் என்ற ஆராய்ச்சியாளர் சொல்லும் செய்திகள் கவனிக்கத்தக்கவை: ஆணும் பெண்ணும் கலந்து பேசுவதை இராமன் விரும்பியதில்லை, ஆண் மாணவர்கள் கூடித் தத்துவார்த்தமாகப் பௌதிகம் விவாதித்த சபைகளுக்குப் பெண்களை அழைப்பதில்லை, ஒரு கருவியைக் கையாளுவதில் ஒரு பெண் சிறு தவறு செய்துவிட்டால், அது உடனே பெண்களின் திறமையின்மைக்கு அத்தாட்சியாகப் பரப்பப்படும். அதே தவறை ஓர் ஆண் செய்திருந்தால் அது அந்த மனிதனின் தவறாகவே நின்றிருக்கும். அன்னா மாணியோ இதையெல்லாம் ஒரு குறையாகச் சொல்லிக்கொள்ள விரும்பாதவர். இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, கருவிகளை இந்த நாட்டிலேயே செய்விக்கும் பிரிவுக்குத் தலைவராகி, நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களை வேலை வாங்கி, துணைத் தலைமை இயக்குநர் பதவியிலிருந்து 1976-இல் ஓய்வு பெற்றார். டாக்டர் பட்டம் கடைசிவரை இல்லை.

இவையெல்லாம் பழங்கதை, இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது என்று சொல்லுவாருக்கு, 2012-இல் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் நடந்த ஒரு பரீட்சையை எடுத்துக்காட்டலாம். ஆய்வுக்கூட மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தை, பாதிப் பிரதிகளில் ஜான் என்றும் பாதிப் பிரதிகளில் ஜெனிஃபர் என்றும் பெயரிட்டு, 127 விஞ்ஞானப் பேராசிரியர்களிடம் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். மதிப்பெண்ணும் அனுபவமும் ஓர் எழுத்துக்கூட மாறாமலிருக்க, ஜான் அதிகத் திறமைசாலியாகத் தோன்றினார். ஆண்டுக்கு 30,238 டாலர் சம்பளம் தரலாமென்றார்கள். ஜெனிஃபருக்கு 26,508 டாலர். மதிப்பிட்டவர்களில் பெண் பேராசிரியர்களும் உண்டு. அவர்கள் கொடுத்த மதிப்பும் ஆண்கள் கொடுத்ததைப் போலவே இருந்தது. எனவே இது ஆண்கள் பெண்களுக்கு எதிராக நடத்தும் சதி என்று எண்ணுவது தவறு. ஒரே சமூகத்தின் காற்றைச் சுவாசித்து வளர்ந்த இருபாலாரும் சேர்ந்தே செய்கிற காரியம் இது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1997-இல், ஸ்வீடனில் கிறிஸ்டீன் வென்னராஸ், ஆக்னஸ் வோல்டு என்ற இரு பெண் விஞ்ஞானிகள் நீதிமன்றம்வரை போராடி அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் மதிப்பெண் ஏடுகளை வெளிக்கொணர்ந்தபோது, ஓர் ஆணுக்குச் சமமான மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் இரண்டரை மடங்கு ஆராய்ச்சி செய்து காட்டவேண்டியிருந்தது தெரியவந்தது. சமத்துவத்துக்குப் பேர்போன ஸ்வீடனிலேயே கதை இது.

நம் ஊரில் இது எப்படி நடக்கிறது? முனைவர் பட்டம் பெற்ற ஓர் அம்மையார், நகரத்துப் பொறியியற் கல்லூரி ஒன்றின் ஆசிரியர் நேர்காணலுக்குப் போய்வந்ததை எனக்கு விவரித்தார். மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருந்த முதிய பேராசிரியர்கள் மூவரும் நல்லவர்கள்; அன்பாகவே பேசினார்கள். இவருக்கு முன்னால் உள்ளே போன ஆண் விண்ணப்பதாரரிடம் கேட்ட முதற் கேள்வி, பாதி திறந்திருந்த கதவின் வழியே இவர் காதில் விழுந்தது: “உங்க தீசிஸ்ல புதுசா என்ன செஞ்சிருக்கீங்க, சொல்லுங்க.” இவர் உள்ளே போனதும், “உட்காரும்மா. வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார்? குழந்தை சின்னதா? திருவான்மியூர்லேருந்து தினமும் வந்துட்டுப் போயிடுவீங்களா?” மாமியார் உடனிருக்கிறாரா என்றும், கணவருக்கு வெளியூர் மாற்றம் வருமா என்றும் கேட்டு முடிப்பதற்குள் ஒதுக்கப்பட்ட நேரத்தில் கணிசமான பங்கு கரைந்துவிட்டது. மீதி நேரத்தில் ஆய்வைப் பற்றி அவசர அவசரமாகச் சொல்லி முடித்து எழுந்தார். ஆய்வைப் பற்றி விரிவாகப் பேசவில்லை என்ற எண்ணம் அந்த மூவர் மனத்திலும் நேர்மையாகவே தங்கியிருக்கும். பேசவேண்டிய நேரத்தைத் தாங்களே பரிவோடு கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டோம் என்பது நினைவில் தங்கியிருக்காது.

சிபாரிசுக் கடிதங்களிலும் இதே பரிவு வேலை செய்கிறது. அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரிக்கு வந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்களைப் படித்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2003-இல் வெளிவந்தது. பெண்களுக்கு எழுதிய கடிதங்கள் அளவில் குறுகியும், சந்தேகத்துக்கு இடமளிக்கும் தொடர்கள் மிகுந்தும், ஆராய்ச்சியைக் காட்டிலும் கற்பித்தலையும் உழைப்பையும் புகழ்வனவாகவும் இருந்தன என்று அது காட்டியது. நம் பேராசிரியர்கள் எழுதும் கடிதங்களைப் படித்திருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. மாணவனைப் பற்றி எழுதுகையில் கூர்மையான புத்தி, சுயமான சிந்தனை என்று ஓடுகிற பேனா, மாணவியைப் பற்றி எழுதுகையில் பணிவு, ஒழுங்கு, கடின உழைப்பு என்று ஓடுகிறது. இரண்டும் பாராட்டுத்தான். ஆராய்ச்சி உத்தியோகத்துக்கு ஆள் தேடுகிறவர் எந்தப் பாராட்டைத் தேடுவார் என்பதைக் கடிதம் எழுதுகிறவர் அந்த நேரத்தில் நினைப்பதில்லை.

இதன் வேர் கல்லூரிக்கு வெளியே, வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. தியாகராய நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தருகிற நிலையங்களின் வரவேற்பறையில், சேர்க்கைப் பருவத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். பையனுக்கு இரண்டு வருஷப் பயிற்சிக்குப் பணம் கட்ட வந்திருக்கும் தகப்பனார், கூட வந்திருக்கும் மகளைப் பற்றிக் கேட்டால், “அவளுக்கு எதுக்கு சார் இந்தக் கஷ்டம்? பக்கத்துல நல்ல காலேஜ் கிடைச்சாப் போதும்” என்பார். மகள்மேல் அவருக்குள்ள பாசத்தில் ஒரு குன்றிமணியும் குறைவில்லை. அந்தப் பெண் பொறியியல் படிக்கலாம் என்பதிலும் அவருக்கு ஆட்சேபம் கிடையாது. கம்ப்யூட்டர் சயன்ஸ் ஆகட்டும், எலெக்ட்ரானிக்ஸ் ஆகட்டும், இன்றைய சென்னைக் குடும்பங்கள் பெண்ணை மகிழ்ச்சியோடு சேர்க்கின்றன. மெக்கானிக்கல் என்றால்தான், “வொர்க்‌ஷாப்ல நிக்கணுமேம்மா” என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். மேல்நாடுகளில் கணிப்பொறித் துறை ஆண்களின் கோட்டை என்று பெயரெடுத்திருக்க, இங்கே அதுவே பெண்ணுக்குக் கௌரவமான படிப்பு என்று ஆகியிருப்பதைப் பார்க்கையில், எந்தப் படிப்பு யாருக்கு இயல்பு என்பது பிறவியில் வருவது என்று வாதிப்பவர்களின் கட்சி பலமிழந்துவிடுகிறது. எண்பது ஆண்டுகளுக்கு முன்பே திரேசியா கிண்டியில் படித்தது சிவில் பொறியியல்.

இனி, இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பிளஸ் டூ பரீட்சையில் பெண்களின் தேர்ச்சி விகிதம் ஆண்களினுடையதைவிட ஆண்டுதோறும் உயர்ந்தே இருக்கிறது. அந்த விடைத்தாள்களை நாம் எப்படித் திருத்துகிறோம்? பெயரும் பதிவெண்ணும் உள்ள மேற்பகுதியை அகற்றி, டம்மி நம்பர் இட்டு, எந்த ஊர்ப் பிள்ளை, ஆணா பெண்ணா, என்ன ஜாதி, யார் வீட்டுக் குழந்தை என்பது திருத்துகிறவருக்குத் தெரியாதபடி மறைத்துக் கொடுக்கிறோம். ஆசிரியர்கள் அயோக்கியர்கள் என்பதனாலா அப்படிச் செய்கிறோம்? இல்லை, யோக்கியர்களுடைய கண்ணையும் ஒரு பெயர் திசைதிருப்பிவிடும் என்று அனுபவத்தில் அறிந்ததனால் செய்கிறோம். அந்தப் பாதுகாப்பு பரீட்சையோடு நின்றுவிடுகிறது. ஆராய்ச்சி மாணவராகச் சேரும் நேர்காணல், சிபாரிசுக் கடிதம், உத்தியோகத் தேர்வு, ஆராய்ச்சிப் பணத்துக்கான விண்ணப்பம், பதவி உயர்வு, பரிசுக்குப் பெயர் முன்மொழிதல் என்று அதற்குமேல் ஏறவேண்டிய படிகள் ஒவ்வொன்றிலும் பெயரும் முகமும் முன்னே நிற்கின்றன. அந்தப் படிகளில்தான் பெண்களின் தொகை அருகிக்கொண்டே வருகிறது. நம் நாட்டில் நூறு ஸ்தாபனங்களுக்குச் சற்றுக் குறைவானவற்றின் ஆசிரியர் பட்டியல்களை எண்ணிப் பார்த்த ‘பயஸ்வாட்ச் இந்தியா’ என்ற குழுவினர், விஞ்ஞான, பொறியியல் துறைகளின் ஆசிரியர்களில் பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினேழு பேரே என்று கண்டிருக்கிறார்கள். பொறியியலில் அந்தத் தொகை இன்னும் குறைவு. பெயர் தெரிவது ஒன்றே இதற்குக் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. கல்யாணமும் மகப்பேறும், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி வருஷங்களும் ஒரே வயதில் வந்து மோதிக்கொள்வது பெரிய காரணம். ஆனால் அந்த மோதலை எண்ணித்தானே நேர்காணல் அறையில் குழந்தையைப் பற்றி விசாரிக்கிறார்கள்?

ஐ.ஐ.டி.க்களின் விஷயத்தில் ஒரு முறையீடு பலமாக எழுந்தது. அதைக் குறிப்பிடாமல் போவது நேர்மையாகாது. அடையாற்றின் தென்கரைக்கு அப்பால் மான்கள் திரியும் காட்டுக்குள் 1959-இல் தோன்றிய நம் ஐ.ஐ.டி. உள்ளிட்ட எல்லா ஐ.ஐ.டி.க்களிலும், 2016 வாக்கில் பி.டெக். சேருவோரில் பெண்கள் நூற்றுக்கு எட்டுப் பேராகவே இருந்தார்கள். 2018 முதல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்களை ஏற்படுத்தி, முதலில் 14 விழுக்காடு, பிறகு 17, பிறகு 20 என்று உயர்த்தினார்கள். தகுதி கெட்டுப்போகும் என்றார்கள் பலர். ஆண்களுக்கு இருந்த இடம் ஒன்றுகூடக் குறைக்கப்படவில்லை. கூடுதல் இடத்தில் வந்து சேர்ந்த பெண்களும் அதே கடினமான நுழைவுத் தேர்வில் தேறியவர்களே. அந்தத் தேர்விலும் பெயரைப் பார்ப்பதில்லையே, பின் ஏன் பெண்கள் குறைந்தார்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி. தேர்வு மண்டபத்துக்கு வருவதற்கு முன்பே தியாகராய நகர் வரவேற்பறையில் பாதிப்பேரை நிறுத்திவிட்டோம் என்பதே அதற்கு விடை.

ஆட்சேபங்கள் இதோடு தீர்ந்தபாடில்லை. 2015-இல் வில்லியம்ஸ், செசி என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், ஒரே தகுதியுள்ள கற்பனை விண்ணப்பதாரர்களை விஞ்ஞானப் பேராசிரியர்கள் முன் வைத்தபோது, பெண்ணையே இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் விரும்பினார்கள் என்று கண்டார்கள். யேல் பரீட்சைக்கு நேர்மாறான முடிவு இது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் எனக்குப் படுவது இது: ஆற்றல் ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகி, குறிப்புகள் தெளிவாக எழுதப்பட்டிருக்கும் இடத்தில் பெண்ணுக்கு நியாயம் கிடைக்கிறது, இளம் வயதில், தகுதி இன்னும் ஊகத்துக்கு இடமாயிருக்கும் இடத்தில், ஊகம் பழைய பள்ளத்தை நோக்கியே ஓடுகிறது. சிகரத்தை எட்டிய பெண்களைக் காட்டி, பட்சபாதமே கிடையாது என்று வாதாடுவாரும் இருக்கிறார்கள். சாரதா வித்யாலயாவிலும் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் படித்த ராமன் பரிமளா, 1987-இல் கணிதத்துக்கான பட்நாகர் பரிசைப் பெற்றார். 1958 முதல் கொடுக்கப்பட்டுவந்த அந்தப் பரிசைக் கணிதத்துக்காகப் பெற்ற முதற் பெண் அவரே. அம்பாசமுத்திரத்தில் தமிழ் வழியில் படித்த ந. கலைச்செல்வி, 1942-இல் தோன்றிய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றத்துக்கு 2022-இல் முதற் பெண் தலைமை இயக்குநரானார். முதல் ஐ.ஐ.டி. 1951-இல் தோன்றியிருக்க, ஓர் ஐ.ஐ.டி. வளாகத்துக்குப் பெண் இயக்குநர் வாய்த்தது 2023-இல்தான்; சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ப்ரீத்தி அகலாயம், அதே ஐ.ஐ.டி.யின் ஸான்ஸிபார் வளாகத்துக்குத் தலைமை ஏற்றார். இவர்களைப் பற்றிப் பெருமைப்படுகிற அதே மூச்சில், இந்த இடைவெளிகளின் நீளத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பரிகாரம் என்ன? மனத்தைத் திருத்திக்கொள்ளும்படி உபதேசம் செய்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. தன்னிடம் இருப்பதாகவே தெரியாத குறையை ஒருவர் எப்படித் திருத்திக்கொள்வார்? முறையைத் திருத்துவது சாத்தியம். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியைப் பயன்படுத்த உலகெங்கிலுமிருந்து வானியலறிஞர்கள் விண்ணப்பிக்கிறார்கள். ஆண்கள் தலைமையேற்ற விண்ணப்பங்களே அதிக விகிதத்தில் தேர்வாவது நெடுநாள் வழக்கமாயிருந்தது. 2018-இல் விண்ணப்பத்திலிருந்து பெயர்களை அறவே நீக்கி மதிப்பிட்டார்கள். அந்தச் சுற்றில் பெண்கள் தலைமையேற்றவற்றில் 8.7 விழுக்காடும், ஆண்கள் தலைமையேற்றவற்றில் 8 விழுக்காடும் தேர்வாயின. மதிப்பிட்டவர்களின் பேச்சும் மாறிவிட்டதாம். இவர் யார், எங்கே வேலை பார்த்தவர், இவரால் முடியுமா என்று ஆளைப் பற்றி நிகழ்ந்த விவாதம் போய், எடுத்துக்கொண்ட பிரச்சினையைப் பற்றி விவாதம் நடந்தது.

எல்லா இடத்திலும் பெயரை மறைக்க முடியாது; நேர்காணலில் முகம் தெரிந்தே தீரும். அங்கேயும் ஒரு வழி உண்டு. உல்மன், கோஹன் என்ற இருவர் 2005-இல் செய்த பரீட்சையில், ஒரு போலீஸ் தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, ஆணிடம் படிப்பு இருந்தால் படிப்பே பிரதானம் என்றும், ஆணிடம் தெரு அனுபவம் இருந்தால் அனுபவமே பிரதானம் என்றும் ஜனங்கள் அளவுகோலையே ஆளுக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். எது பிரதானம் என்பதை விண்ணப்பங்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடச் சொன்னபோது அந்தப் பட்சபாதம் மறைந்துபோயிற்று. மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நான்சி ஹாப்கின்ஸ் என்ற உயிரியல் பேராசிரியை, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் ஆண்களின் ஆய்வுக்கூடங்களையும் பெண்களின் ஆய்வுக்கூடங்களையும் தரையில் அளந்து பார்த்ததும் இங்கே நினைவுக்கு வருகிறது. அளந்து வந்த கணக்கின் வழியே எழுந்த விசாரணையின் அறிக்கையை 1999-இல் அந்தக் கழகமே வெளியிட்டு, பெண்களுக்கு அநீதி நிகழ்ந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது.

கிண்டியிலும் அடையாற்றிலும் தரமணியிலும் உள்ள நம் ஸ்தாபனங்கள் அடுத்த முறை ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கக் கூடும்போது, எல்லா விண்ணப்பதாரருக்கும் கேட்கவேண்டிய கேள்விகளையும் அவற்றுக்குரிய மதிப்பெண்ணையும் முதல்நாளே எழுதிக் கையொப்பமிட்டு வைக்கலாம். குடும்பத்தைப் பற்றிய கேள்விகளை யாரிடமும் கேட்பதில்லை என்று தீர்மானித்துக்கொள்ளலாம். சிபாரிசுக் கடிதங்களைக் கடைசியில் பிரிக்கலாம். தேர்வு முடிந்த பிறகு, விண்ணப்பித்தவர்களில் பெண்கள் எத்தனை பேர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்களில் எத்தனை பேர், உத்தியோகம் பெற்றவர்களில் எத்தனை பேர் என்ற மூன்று எண்களைத் துறைவாரியாக, ஒவ்வோர் ஆண்டும், எவரும் பார்க்கக்கூடிய இடத்தில் வெளியிடவேண்டும். இதற்குப் பணம் வேண்டாம். டெல்லியிலிருந்து உத்தரவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பரீட்சைப் பிரிவில் டம்மி நம்பர் போடுகிற அதே குமாஸ்தாக்கள் ஒரு பிற்பகலில் செய்துமுடித்துவிடக்கூடிய வேலை.